பீரோவுக்குள்ள ஒரு கசாப்புக் கடை

தம்பி, நீ பெரு நாட்டுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து சரியாச் சாப்பிடறதில்லன்னு உங்கம்மா மாடிப்படியில நின்னு சொல்லிட்டுக் கண்ணத் தொடைச்சிக்கிட்டாங்க. என்னா சங்கதின்னு கேட்டேன். குஸ்கோங்கற ஊர்ல அம்மாவுக்குன்னு அல்பாக்கா சால்வை வாங்கினியாம். கன்னத்துல வச்சாத் தூக்கம் வருமாம். வாங்கின கையோட ஓட்டலுக்குப் போனா, விலைப் பட்டியல்ல அதே அல்பாக்கா. வறுத்தது ஒரு விலை, சுட்டது ஒரு விலை. போத்திக்கறதையும் தின்னுக்கறதையும் ஒரே சீவன்கிட்டேர்ந்து எடுக்கறானே, இவன்லாம் மனுசனான்னு கேட்டியாம். மந்தவெளிக்கு வந்து சேந்தும் அது நெஞ்ச விட்டு எறங்கலையாம்.

உக்காரு. ஆடு மேச்சவன்கிட்ட இதக் கேக்காம யூட்யூபுல தேடிக்கிட்டிருந்தா எப்படி?

மதுராந்தகத்துப் பக்கம் எங்க பட்டியில இருந்ததெல்லாம் மெட்ராஸ் சிவப்பு. பேருதான் மெட்ராஸு, மெட்ராஸ்காரன் ஒருத்தனுக்கும் அதத் தெரியாது. காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழகத்துப் பண்ணையில வச்சிருக்காங்க, ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வா. செம்மறிதான், ஆனா கத்திரிக்கறதுக்கு உடம்புல ஒண்ணும் இருக்காது. சால்வை வராது. அறுவடை முடிஞ்ச வயல்ல ராவுக்குக் கிடை போடுவோம், புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் நெல்லு அளந்து குடுப்பாங்க. கெடா கறிக்குப் போவும். தோலு பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் போவும். கொம்பும் கொளம்பும் தவுர எதையும் வீசினதா எனக்கு ஞாபகமில்ல. ஒரு ஆட்டுலேர்ந்து மூணு வகையா எடுத்தோம்னு எங்கள யாரும் பாவின்னு சொல்லல. ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டு மீதிய வாய்க்கால்ல கடாசியிருந்தா எங்கப்பன் என் முதுகுத் தோல உரிச்சிருப்பாரு.

அந்த மலைக்காரனும் அதேதான் பண்றான். 3,500 மீட்டருக்கு மேல நெல்லா வெளையும், வாழையா வெளையும்? புல்லும் குளிரும்தான். வருசத்துக்கு ஒரு தரம் ரோமத்தக் கத்திரிக்கறான். வயசு ஏற ஏற ரோமம் முரடாப் போவும். முரட்டு ரோமத்துக்கு, கன்னத்துல வச்சிப் பாத்து வாங்கற உன்ன மாதிரி ஆளு காசு குடுப்பானா? மாட்டான். அப்ப அந்தக் கெழடு எங்க போவும், முதியோர் இல்லத்துக்கா? நீ மெத்துன்னு கேட்டதாலதான் ராசா அது சட்டிக்குப் போச்சு. சட்டிய மட்டும் பாத்துட்டுக் கோவிச்சிக்கிட்டு வந்துட்ட.

உங்கம்மாகிட்ட ஏற்கெனவே ஒரு பஷ்மினா இருக்குதே, லடாக்குலேர்ந்து வந்தது. அந்த வெள்ளாட்ட மேய்க்கற சாங்பா சனங்க அதுக்கு வயசானா பூப்போட்டுக் கும்பிடறாங்கன்னு நெனச்சியா? கறியாக்கித்தான் குளிரத் தள்ளறாங்க. அது லடாக்கு, பக்கத்துல இருக்குது, அதனால உனக்குத் தூக்கம் கெடல.

சரி, லடாக்கையும் விடு. எந்திரிச்சி உங்கம்மா பீரோவத் தொற.

ஆடி மாசத்துல பனகல் பார்க்கு பக்கம் போயிருக்கியா? நானும் என் மருமவளும் போனோம், கூட்டம் எங்கள நடக்க விடாம தூக்கிக்கிட்டே போயி ஒரு கடைக்குள்ள எறக்கி விட்டுச்சு. 1928-லேர்ந்து நல்லி அங்க பட்டு வித்துக்கிட்டிருக்குது, அதுக்கப்புறம் வந்த கடைங்களுக்குக் கணக்கில்ல. சிப்பந்தி ஒரு புடவையப் பிரிச்சி விசிறினாரு. என் பக்கத்துல நெத்தி நிறைய விபூதியோட ஒரு பெரியவரு. தள்ளுவண்டியில ஆம்லெட் வாசனை அடிச்சா மூக்கப் பொத்திக்கிட்டுத் தெருவத் தாண்டற ரகம். அந்தப் புடவையத் தடவித் தடவிப் பாத்து, "பேஷ், நல்ல கனம்"னாரு. கனத்த மட்டுந்தான் பாத்தாரு, கணக்க நான் போட்டேன்.

என் சம்பந்தி தருமபுரி மாவட்டத்துல, பாலக்கோட்டுக்குப் பக்கம், மல்பெரித் தோட்டம் வச்சிருக்காரு. அவரு சொன்ன கணக்கு இது. ஒரு கிலோ பட்டு நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேணும். ஒரு கூடு ரெண்டு கிராம்கூட தேறாது. அதனால கிலோவுக்கு 3,000 கூட்டுக்குக் கொறையாது. அரைக் கிலோ நூலு ஓடின புடவைன்னா 1,500. உங்கம்மா பீரோவுல நாப்பது புடவை இருக்குமா? எண்ண வேணாம், மனசு சங்கடப்படும். எங்க ஊரு கசாப்புக்காரரு ஆயுசு பூரா கத்தி புடிச்சாலும் அந்த பீரோ எண்ணிக்கையத் தொட முடியாது. அவருக்கு இந்த மைலாப்பூர்ல வாடகைக்கு வீடு கெடைக்காது. பீரோவுக்குத் தனி ரூமே இருக்குது.

புழுவும் ஆடும் ஒண்ணான்னு கேப்ப. ஒண்ணுன்னு நான் சொல்லல. என் ஆட்டுக்குப் பேரு வச்சிருந்தேன், கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கும். புழு யாரையும் திரும்பிப் பாக்காது. ஆனா 'திரும்பிப் பாக்காதத எத்தனை வேணாலும் வேக வைக்கலாம்'னு ஒரு விதி இருந்தா, அத எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. நானும் தெரிஞ்சிக்கறேன்.

சம்பந்தி வீட்டுல நான் பாத்ததச் சொல்றேன். புழு முட்டையிலேர்ந்து வந்து நாலு தடவ தோலுரிச்சி, ஒரு மாசத்துக்குக் கிட்ட எலையத் தின்னுது. ராத்திரியும் தின்னுது. மனுசன் தூங்கினாலும் அதுக்குப் பசிக்கும், எந்திரிச்சி எலை போடணும். அப்புறம் உடம்பு பழுத்த நெறத்துக்கு வந்ததும் சந்திரிகைங்கற தட்டுல எடுத்து விடறாங்க. ரெண்டு மூணு நாள்ல தன்னச் சுத்திக் கூடு கட்டிக்குது. நல்ல கூடுன்னா 1,000 மீட்டர் வாக்குல ஒரே இழை, அறுபடாம. நம்ம கபாலி கோயில் குளத்த ஒரு சுத்து சுத்தி மீதி வரும். உள்ள இருக்கறத விட்டு வச்சா அந்துப்பூச்சியாகி, கூட்டத் தொளச்சிக்கிட்டு வெளிய வந்துடும், இழை துண்டு துண்டாப் போயிடும். அதுக்கு முன்னாடி சூடு காட்டிக் கொன்னுடணும்.

நூல் எடுக்கற எடத்துலதான் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. ஆவி பறக்கற தொட்டியில கூடுங்க மெதக்குது. நூல் எடுக்கற அம்மா ஒரு சின்னத் தொடப்பத்தால ஒரு சுத்து சுத்தி நுனியப் புடிக்குது, ஏழெட்டு இழைய ஒண்ணாச் சேத்து ராட்டையில ஏத்துது. வெரல் நுனியெல்லாம் வெந்நியில ஊறி வெளுத்து, ரேகையே இல்ல. ராட்டை சுத்தச் சுத்தக் கூடு தண்ணியில குதிக்குது. இழை போகப் போக மெலிஞ்சி, உள்ள பழுப்பா ஒண்ணு தெரியுது. கடைசி இழையும் போனதும் அது தொட்டிக்கடியில எறங்கிடுது. அந்த நாத்தம் இருக்குதே! பட்டுக் கடை ஏசியில யாரும் அத மோந்திருக்க மாட்டாங்க. கூட்டோட எடையில நூத்துக்கு எண்பது பங்கு அந்தப் புழுதானாம். அதத் தூக்கிப் போடறதில்ல. காய வச்சி எண்ணெ எடுக்கறாங்க, சக்கை மீன் தீனிக்குப் போவுது, கோழித் தீனிக்குப் போவுது. அந்தக் கோழிய யாரு சாப்பிடறா? நான். உங்கம்மா கட்டின புடவையோட மிச்சத்த நான்தான் சாப்பிட்டு முடிக்கறேன். ஒரு வார்த்த நன்றி சொல்லியிருப்பாங்களா?

இத ஒளிவு மறைவில்லாம செய்யறவங்க அசாம்ல இருக்காங்க. எரின்னு ஒரு பட்டுப்புழு, ஆமணக்கு எலை தின்னும். கூட்டோட ஒரு மொனை தொறந்தே இருக்கும். போடோ சனங்க புழுவ எடுத்துச் சமைச்சிடறாங்க, கூட்டப் பஞ்சு நூக்கற மாதிரி நூத்துப் போத்திக்கறாங்க. பல வீட்டுல புழுதான் பிரதானம், துணி கூட வர்ற லாபம். உன் அல்பாக்காக்காரனுக்கு அங்க ஒரு பங்காளி. இதுல வேடிக்கை என்னான்னா, அந்த எரித் துணிதான் இங்க வந்து எறங்கினதும் 'அகிம்சைப் பட்டு' ஆயிடுது. அடையாத்துக் கண்காட்சியில கதர்ப் பையோட வர்ற பொண்ணுங்க அத வாங்கிட்டுப் புண்ணியம் கெடச்ச மொகத்தோட போறாங்க. புழு எங்க போச்சுன்னு கேட்டா அசாம்காரி வெக்கப்படாமச் சொல்லுவா, ருசியா இருந்துச்சுன்னு.

என் பேரன் சட்டம் படிக்கறான்ல, அவன ஒரு நாள் அந்தப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தப் படிச்சிக் காட்டச் சொன்னேன். 1960-ல வந்தது. பிராணின்னா மனுசனத் தவுத்த எந்த உசுருள்ள சீவனும்னு எழுதியிருக்குது. அப்ப புழுவும் பிராணிதான். மனுசன் சாப்பாட்டுக்குக் கொல்றதுக்கு விலக்கு இருக்குது, அனாவசியமா நோகடிக்கக் கூடாதுன்னு மட்டும். சாமிக்குப் பலி குடுக்கறதுக்கும் ஒரு பிரிவு தனியா இருக்குது. புடவைக்குன்னு ஏதாச்சும் இருக்குதாடான்னு கேட்டேன். பக்கத்தப் புரட்டிப் புரட்டிப் பாத்தான். இல்ல தாத்தான்னான். ஆக, எழுத்தப் பாத்தா அசாம்காரி தப்பிச்சா, தி.நகர்ப் பெரியவரு மாட்டிக்கிட்டாரு. கோர்ட்டுக்கு யாரும் போகப் போறதில்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அந்தச் சட்டத்துக்கு விதை போட்டது யாரு தெரியுமா? நம்ம ருக்மிணிதேவி அம்மா. 1952-ல மாநிலங்களவைக்குப் போனவங்க, வாயில்லாத சீவனுக்காகத் தனிநபர் மசோதா கொண்டாந்தாங்க. நேரு காலத்து ஆளுங்க அத வாங்கிக்கிட்டு, அரசாங்கமே சட்டமாப் போடறேன்னாங்க. 1962-ல விலங்கு நல வாரியம் வந்தப்ப அந்தம்மாதான் முதல் தலைவி. வாரியமும் ரொம்ப காலம் திருவான்மியூர்லயே இருந்துச்சு, 2018-லதான் அரியானாவுக்கு மூட்டை கட்டினாங்க. அதே அம்மாதான் 1937-ல கலாக்ஷேத்ராவுல தறி போட்டாங்க. அழிஞ்சி போற கரையையும் நெறத்தையும் மீட்டு நெய்ய வச்சாங்க. பட்டுல. இன்னைக்கும் கலாக்ஷேத்ராப் புடவைன்னா உங்கம்மா குரல் ஒரு சுருதி ஏறுதுல்ல? நான் குத்தம் சொல்லல தம்பி. அவ்வளவு பெரிய மனுசிக்கே மாடு வரைக்கும் தெரிஞ்ச வலி புழு வரைக்கும் எட்டலன்னா, ஒரு சால்வைக்கு நீ இப்படிப் பட்டினி கெடக்கறது ரொம்ப அதிகம்னு சொல்ல வந்தேன்.

எட்டினவங்களும் இருந்தாங்க. காஞ்சிப் பெரியவரு பட்டு வேணாம்னாரு. எந்த ஊர்ல ஒக்காந்துக்கிட்டு? காஞ்சிபுரத்துல! வாசல்ல தறி ஓடற ஊர்ல. ஆயிரம் பேரு வந்து கால்ல விழுந்து அவரு பேச்சக் கேட்டாங்க, திரும்பிப் போகும்போது அதே ஊர்ல முகூர்த்தப் புடவை வாங்கிட்டுப் போனாங்க. மடிக்கு அதுதானே ஒசத்தி? வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது. வேக வச்ச புழுவோட சட்டைய இடுப்புல சுத்திக்கிட்டா ஆசாரம்.

இன்னொருத்தங்க, ஜனாதிபதியா இருந்த வெங்கட்ராமன் சம்சாரம் ஜானகி அம்மா. அவரு நம்ம தென் சென்னைக்கு எம்.பி.யா இருந்தவரு. 1990 வாக்குல அந்தம்மா, புழுவக் கொல்லாம ஒரு பட்டுப் புடவை கெடைக்குமான்னு கேட்டாங்களாம். ஆந்திராவுல கைத்தறித் துறையில வேலை பாத்த குசுமா ராஜய்யா மனசுல அது தங்கிடுச்சு. பூச்சி பறந்து போன பிறகு மிச்சமிருக்கற கூட்டுலேர்ந்து நூத்து நெஞ்சாரு, காப்புரிமையும் வாங்கினாரு. நல்ல மனுசன். ஆனா துணிக்கு அந்த மினுமினுப்பு வராது, விலை கூடுதல். நம்ம சனத்துக்குக் கருணை வேணும், ஆனா மண்டபத்து லைட்டுல மின்னணும்.

அதுலயும் ஒரு சிக்கல் இருக்குது. மனுசன் ஆயிரக்கணக்கான வருசமா வளத்து வளத்து அந்தப் பூச்சியக் கெடுத்து வச்சிருக்கான். ரெக்கை இருக்குது, பறக்காது. தின்ன வாய் இல்லாதது மட்டும் பொறப்புலயே வந்தது. கூட்ட விட்டு வந்தா ஜோடி சேந்து, நூத்துக்கணக்குல முட்டை போட்டுட்டு, சில நாள்ல செத்துடும். அத்தனை முட்டையும் பொரிஞ்சா எலைக்கு எங்க போறது? போடலன்னா பட்டினியில சாவும். வெந்நியில சாவற ஒண்ண விடுவிச்சிட்டு, பசியில சாக முன்னூறப் பெத்த கதை ஆயிடும். எல்லாத்தையும் நிறுத்திடலாம்னா அந்தச் சாதிப் புழு உலகத்துலயே இருக்காது. காட்டுல அது கெடையாது. நீலகிரி ஆட்டப் பாரு, நல்ல ரோமம் தர்ற ஆடு. ரோமத்துக்கு விலை போகல, இப்ப சாண்டிநல்லா ஆராய்ச்சிப் பண்ணையில காப்பாத்த வேண்டிய நெலமை. 2017 ஜனவரியில மெரினாவுல நீயும்தானே போய் ஒக்காந்த, மாட்ட விளையாட விடலன்னா நாட்டுமாடு அழிஞ்சிடும்னு? தேவையில்லாததக் கட்டித் தீனி போட எவனுக்கும் மனசு வராது. கேக்க நல்லால்லதான்.

பங்குனியில அறுபத்துமூவர் வருது, நாலு மாட வீதியில நிக்க எடமிருக்காது. ஒரு கையில மோரு, ஒரு கையில புளியோதரை, பல்லக்கப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கறீங்க. அதுல கண்ணப்பர் வர்றாரே, சாமிக்கு என்ன படைச்சாரு? பன்னிக்கறி. அதுவும் கடிச்சி ருசி பாத்து. அதே வரிசையில நேச நாயனாரு வர்றாரு, தறிக்காரரு, அடியாருக்குத் துணி நெஞ்சு குடுத்தவரு. கறிக்காரரும் துணிக்காரரும் ஒரே ஊர்வலத்துல ஜம்முன்னு போறாங்க, சாமிக்கு ஒண்ணும் ஆகல. வாடகை வீடு தேடி வந்தாத்தான் கண்ணப்பருக்குக் கஷ்டம்.

வள்ளுவருக்கு இங்க கோயிலே இருக்குது, முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கமாப் போனா வரும். அவரையும் நெசவாளின்னுதான் சொல்றாங்க. 26-வது அதிகாரம் புலால் மறுத்தல், 33-வது கொல்லாமை. வெட்டறவன மட்டும் அவரு புடிக்கல, காசு குடுத்து வாங்கறவனையும் சேத்துப் புடிச்சாரு. அந்தத் தறியில பருத்தி ஓடுச்சா பட்டு ஓடுச்சான்னு அவர்கிட்ட கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

மார்கழிக் கச்சேரியப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், நீ கோவிச்சிக்கக் கூடாது. நீ வாசிக்கற மிருதங்கத்துக்கு வலந்தலையிலயும் தொப்பியிலயும் இருக்கறது பசுத்தோலும் ஆட்டுத்தோலும். இழுத்துக் கட்டற வாரு எருமை. டி.எம்.கிருஷ்ணா அதச் செய்யறவங்களப் பத்திப் புத்தகம் எழுதினாரு. 2020-ல அத வெளியிட எடம் தர்றேன்னு சொன்ன கலாக்ஷேத்ரா, மாட்டு சமாச்சாரம் பேப்பர்ல வந்ததும் வேணாம்னுடுச்சு. தரமணியில இதழியல் கல்லூரியில வச்சிக்கிட்டாங்க. மாடு சத்தமாக் கேக்கலாம், பேச்சுல வரக் கூடாது. அடையாத்துல 1948-லேர்ந்து தோல் ஆராய்ச்சி நிலையம்னு ஒண்ணு பெரிய போர்டு போட்டு நடக்குது, ஒளிக்காம. எனக்கு அந்த போர்டப் பாத்தா ஒரு மரியாதை வரும்.

இப்ப நீ என்ன பண்ணணும்னு கேக்கற. தை மாசம் உனக்குக் கல்யாணம். கூறைப்புடவை பருத்தியில எடுக்கலாம்னு உங்கம்மாகிட்ட சொல்லிப் பாரு. நான் மாடியிலேர்ந்து கேட்டுக்கிட்டிருப்பேன், ஆம்புலன்சுக்குப் போன் பண்ண ஆள் வேணும்ல. முடியலன்னா பட்டே எடுத்துக்கோ. ஆனா நாளைக்கு ஒரு புதுப் புடவைன்னா பழச வித்துட்டு வாங்கற சாதி கெடையாது நீங்க. பாட்டி புடவை நாலு பெட்டியில கெடக்குதாம், ஜரிகை கூட கறுக்கலன்னு உங்கம்மாவே சொன்னாங்க. அத எடுத்துப் பொண்ணுக்குக் கட்டு. செத்த புழு ஏற்கெனவே செத்துடுச்சு, இன்னொரு முகூர்த்தம் பாக்கட்டும். பொண்ணு வீட்டுல சண்டை வந்தா, இது பரம்பரைச் சொத்துன்னு சொல்லு, உடனே விலை ஏறிடும்.

சாப்பாட்ட மட்டும் ஒழுங்காச் சாப்பிடு. கறி தின்னச் சொல்லல, தயிர்சாதத்தத் தின்னு. பால் குடுத்த மாட்டோட காளைக்கன்னு எங்க போச்சுன்னு இன்னைக்கே கேட்டுடாத. ஒரே நாள்ல அவ்வளவு துக்கம் உடம்பு தாங்காது.

அப்புறம், கீழ் போர்ஷன் காலியாகுதுன்னு உங்கப்பா கேட்டுல 'சைவர்களுக்கு மட்டும்'னு போர்டு மாட்டியிருக்காரு. மாட்டட்டும், அவரு வீடு. வீடு பாக்க வர்றவங்கள வாசல்லயே நிறுத்தி, இடுப்புல இருக்கற பெல்ட்டையும் கால்ல இருக்கற செருப்பையும் கழட்டி வச்சிட்டு, கூட வந்த அம்மா கட்டியிருக்கறது பருத்தியான்னு பாத்துட்டு உள்ள விடச் சொல்லு. உங்கப்பா ஒத்துக்க மாட்டாரு, வாடகை போயிடும். அதனால நாம ரெண்டு பேரும் ஒரு ஏற்பாட்டுக்கு வருவோம். ஞாயித்துக்கெழம காலையில என் மவன் ஹெல்மெட்டுக்குள்ள கறுப்புக் கவர்ல என்னத்த வச்சிக்கிட்டுப் படியேறறான்னு நீ கேக்காத. நவராத்திரிக்கு உங்கம்மா பீரோவத் தொறக்கறப்ப நானும் எதையும் எண்ண மாட்டேன்.